புக்கில் இருக்கும் பெயர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மேலூரிலிருந்து அவரைப் பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிவருவது சிரமம்தான், கார் வாங்கு. ஆனால் ஒத்தக்கடையில் பார்த்த அந்தப் பழைய காருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

புரோக்கர் 'சிங்கிள் ஓனர்' என்கிறார், சரி. அந்த ஓனரை நீ பார்த்தாயா? என் முதல் காரில் நான் கோட்டை விட்டது அங்கேதான். ஆர்.சி. புக்கில் ஒரே பெயர். ஆனால் வண்டி நடுவில் இரண்டு பேரிடம் ஓடியிருக்கிறது. முதல் ஆள் பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்க, அந்தத் தாள் கை மாறி கை மாறி என்னிடம் வந்திருக்கிறது. பெயர் மாற்றப் போனால், வண்டி மேல் கடன் பதிவு அப்படியே நிற்கிறது. அதை நீக்க, கடன் கொடுத்தவர்களும் கையெழுத்திட்ட 35ஆம் நம்பர் படிவம் வேண்டும். ஓனரைத் தேடிப் போனேன். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "வித்த வண்டி எங்கேயோ மோதினதுக்கு எங்க வீட்டுக்கு நோட்டீஸ் வருதுங்க" என்று அவர் மனைவி வாசலில் நின்று அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்த அம்மா வாரிசாக 31ஆம் படிவம் கொடுத்து, கடனையும் முடித்து, என் பெயருக்கு மாற ஏழு மாதம் ஆனது.

அரசாங்கத்தின் எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார். கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்று தெரியும். ஆனால் இப்படி நடுவில் வந்துபோன கைகள் அதில் தெரியாது. அதனால் பழைய இன்சூரன்ஸ் தாள்களையும் கேள். கிளைம் வாங்காத வருஷங்களுக்காக இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். அது வண்டியோடு போகாது, ஆளோடு போவது. நடுவில் ஒரு வருஷம் அது பூஜ்யமாகியிருந்தால் கிளைம் வாங்கியிருக்கலாம், வண்டி கை மாறியிருக்கலாம். காரணத்தைக் கேட்காமல் விடாதே.

இன்னொன்று. நம்பர் டிஎன் 69 என்று எழுதியிருக்கிறாய், தூத்துக்குடிப் பதிவு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்த வண்டி எங்கே நின்றது என்றும் விசாரிக்க வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேறு பட்ட தடம் இருந்தால் வெள்ளத்தில் நின்றதைக் காட்டிக்கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ஒத்தக்கடைக்கு வருகிறேன். அதற்குள் புக்கில் பெயர் இருப்பவரின் போன் நம்பரைப் புரோக்கரிடம் வாங்கி வை. முதலில் அவரிடம் பேசுவோம்.

அன்புடன்,
உன் மாப்ளே