அந்தக் கமாரோவுக்கு முன்பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள தமிழுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய படங்களையும் விற்பவர் எழுதியிருக்கும் விவரத்தையும் நிதானமாகப் பார்த்தேன். 1969 கமாரோ இசட் 28, ஆரஞ்சு நிறம், நார்வுட் ஆலை, ‘நம்பர்ஸ் மேட்சிங்’ (எஞ்சினில் அடித்த எண்ணும் காரின் எண்ணும் ஒத்துப்போவது). கார் அழகுதான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அவர் கேட்கிற விலை அழகுக்கு இல்லை, கமாரோவின் அரிதான வேக ரகமான இசட் 28 என்ற பெயருக்கு. அந்தப் பெயர் அந்தக் காருக்கு உரியதா என்று தெரியும்வரை ஒரு டாலர்கூட அனுப்பாதே கண்ணு.

அந்த மாடல் வருடத்தில் செவர்லே சுமார் 2,43,000 கமாரோ செய்தது. அதில் இசட் 28 வெறும் 20,302. மிச்சமிருந்த சாதாரண வி8 கார்களில் எதை வேண்டுமானாலும் எடுத்து, கோடு போட்டு, சின்னம் ஒட்டி, எஞ்சின் மாற்றி இசட் 28 போல ஆக்கிவிடலாம். அதைச் செய்து ‘க்ளோன்’ என்று சொல்லியே விற்பவர்கள் உண்டு. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அப்படிச் சொல்லாமல் விற்பவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் விஐஎன், அதாவது காரின் அடையாள எண். டேஷ்போர்டின் மேல், டிரைவர் பக்கத்தில், கண்ணாடி வழியாகவே தெரியும் தகடு அது. 13 இலக்கம். முதலில் வரும் 1 செவர்லேயைக் குறிக்கும். அடுத்த இரண்டு 24 என்றால் வி8 கமாரோ, 23 என்றால் ஆறு சிலிண்டர். அதற்கடுத்து 37 என்றால் கூப்பே, 67 என்றால் கன்வர்டிபிள். பிறகு வரும் 9 வருடம். ‘என்’ என்ற எழுத்து ஒஹையோ நார்வுட், ‘எல்’ என்றால் லாஸ் ஏஞ்சலஸ். கடைசி ஆறும் வரிசை எண், 500001-லிருந்து தொடங்கும். 23 இருந்தாலோ 67 இருந்தாலோ அங்கேயே விடைபெற்று வந்துவிடு. 1969-இல் இசட் 28 வி8 கூப்பேயாக மட்டும்தான் வந்தது.

24, 37 இரண்டும் சரியாக இருந்தாலும் மகிழ்ந்துவிடாதே. 307 கன அங்குல எஞ்சினோடு வந்த எளிய கமாரோவுக்கும் இதே எண்கள்தான். டாட்ஜ், பிளிமத் வண்டியாக இருந்தால் விஐஎன்-னின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1969 வண்டியில் அங்கே ‘ஜே’ இருந்தால் 426 ஹெமி என்ற பெரிய எஞ்சின். ஃபோர்டு என்றால் 1967 முதலான ஆலைப் பதிவுகளைப் பார்த்து மார்ட்டி ரிப்போர்ட் தருகிறார்கள். பான்டியாக்குக்கு அதேபோல ஆலைப் பதிவு தரும் பி.எச்.எஸ். இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற 1969 செவர்லேக்கு அப்படி எந்த ஏடும் இல்லை. எந்தக் காருக்கு என்ன ஆப்ஷன் போட்டார்கள் என்று ஆலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி கிடையாது. கார் புதிதாகக் கனடாவில் விற்கப்பட்டதாக இருந்தால் மட்டும் ஜி.எம். கனடாவிடம் அதன் பதிவு கிடைக்கும். அதனால் ‘முதன்முதலில் இந்தக் கார் எங்கே விற்றது’ என்பதை அவரிடம் மறக்காமல் கேள். காரின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கை இங்கே உதவாது. அது 1981-இல் வந்த 17 இலக்க விஐஎன்-னுக்குத்தான்.

ஒரே ஒரு சாட்சியை வைத்து முடிவுகட்ட முடியாத வண்டி இது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சாட்சிகள் ஒரே தேதியைச் சொல்கின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது பானெட்டுக்குள், ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தடுப்பு) டிரைவர் பக்கம் இருக்கும் சிறிய தகடு. கௌல் டேக் என்பார்கள். உன் படத்தில் ‘04பி’ என்று மங்கலாகத் தெரிகிறது: ஏப்ரல் மாதம், இரண்டாவது வாரம். வண்ணக் குறியீடு 72 என்றால் ஹக்கர் ஆரஞ்சு; இரண்டாவது 72-க்குப் பதிலாக ‘பி’ இருந்தால் கூரைக்குக் கறுப்பு வினைல். உள்ளலங்காரம் 711 என்றால் கறுப்பு. டிசம்பர் 1968-லிருந்து நார்வுட் ஆலை மட்டும் இதே தகட்டில் ‘எக்ஸ்’ குறியீடு ஒன்றையும் அடித்தது. எக்ஸ்33 என்றால் ஸ்டைல் ட்ரிம் என்ற வெளி அலங்காரத்தோடு வந்த இசட் 28. எக்ஸ்77 என்றால் ட்ரிம் இல்லாத இசட் 28. எக்ஸ்44 என்றால் விசேஷம் ஒன்றுமில்லாத கமாரோ. அதன்மேல் இசட் 28 சின்னம் இருந்தால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை. எக்ஸ்11 என்ற குறியீட்டை வைத்து விற்பவர்கள் அதிகம் பேசுவார்கள், ஆனால் அது இசட் 28 குறியீடே அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் கார்களுக்கு எக்ஸ் குறியீடு கிடையாது. அது இல்லையென்று அவற்றைச் சந்தேகிக்கவும் முடியாது.

நீ பார்ப்பது நார்வுட் கார், ஏப்ரல் மாதக் கார். எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தே ஆக வேண்டும். இருக்கிறது என்று அவரும் எழுதியிருக்கிறார். ஆனால் அதே மாதிரித் தகட்டைப் புதிதாக அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தகட்டைப் படிப்பதோடு நிற்காமல் அதன் ரிவெட்டையும் பார். சுற்றியுள்ள பெயின்ட் உடைந்திருக்கிறதா, ரிவெட் புதிதாக மின்னுகிறதா, தகட்டுக்கு அடியில் ஆரஞ்சைத் தவிர வேறு நிறம் எட்டிப்பார்க்கிறதா? விஐஎன் தகட்டின் ரிவெட் பூவிதழ் போன்ற தலை கொண்ட ரோஸெட் வகை. அங்கே சாதாரண வட்டத் தலை பாப் ரிவெட் இருந்தால் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விஐஎன் தகட்டில் கைவைப்பது அமெரிக்காவில் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட காரைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனால் நீ கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

தகட்டை மாற்றலாம், இரும்பில் அடித்ததை மாற்றுவது கடினம். விஐஎன்-னின் கடைசிப் பகுதியை உடலிலேயே இரண்டு மறைவான இடங்களில் அடித்திருக்கிறார்கள். ஒன்று, கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கௌல் வென்ட் பேனலுக்கு அடியில். இன்னொன்று, ஃபயர்வாலில் ஹீட்டர் புளோயர் மூடியிருக்கும் இடத்தில். முதலாவதைப் பார்க்க பேனலைக் கழற்ற வேண்டும், சில ஸ்க்ரூக்கள்தான். ‘கழற்றினால் பெயின்ட் போய்விடும்’ என்று தயங்குவார். நீ பதமாகவே கேள், ஆனால் விடாதே. ஒரு முழு கமாரோ உடலையே டைனகார்ன் என்ற நிறுவனம் இன்று புதிதாகச் செய்து விற்கிறது. துருப்பிடித்துச் செத்த ஒரு நிஜ இசட் 28-இன் தகடுகளைக் கொண்டுவந்து அப்படியொரு புது உடலிலோ, வேறொரு காரின் உடலிலோ ஒட்டியிருந்தால், அதை உனக்குக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு இடங்கள்தான். எண் இல்லை, தேய்த்த தழும்பு இருக்கிறது, அல்லது மேலே புட்டி பூசியிருக்கிறது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

இனி எஞ்சின். கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பார். பிளாக்கின் முன்புறம், பயணி பக்க ஹெட்டுக்குச் சற்று முன்னால், தட்டையாக ஒரு சிறிய மேடை இருக்கும். 1969-இல் ஆல்டர்னேட்டரும் அந்தப் பக்கத்திலேயே இருப்பதால் பாதி மறைந்திருக்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப்போ. பிரேக் கிளீனரைத் தெளித்து மெல்லிய துணியால் துடை. உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் அந்த இடத்தில் படக்கூடாது. ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

அந்த மேடையில் ‘வி0318டிஇசட்’ போன்ற ஒரு வரி இருக்க வேண்டும். ‘வி’ என்றால் ஃபிளின்ட் எஞ்சின் ஆலை, 0318 என்றால் மார்ச் 18, ‘டிஇசட்’ என்றால் 1969 இசட் 28-இன் 302 எஞ்சின். இரண்டாவது எண் ‘19என்’ என்று தொடங்கி, காரின் கடைசி ஆறு இலக்கங்களோடு முடியும். இது அதே மேடையிலும் இருக்கலாம், ஆயில் ஃபில்டருக்கு மேலேயும் இருக்கலாம். முதல் வரியை அடித்தது எஞ்சின் ஆலை, இரண்டாவதை அடித்தது நார்வுட். வெவ்வேறு ஊர், வெவ்வேறு கை, வெவ்வேறு அச்சு. ஆழமும் எழுத்தின் வடிவும் கொஞ்சமாவது வேறுபடும். இரண்டும் ஒரே ஆழத்தில், ஒரே அச்சில், கோடு போட்டதுபோல நேராக இருந்தால் ஒரே ஆள் ஒரே நாளில் அடித்தது என்று வைத்துக்கொள்.

மேடையின் பரப்பைப் பெரிதாகப் படமெடு. ஆலையில் புரோச் மெஷின் சீவியதால், முன்னிருந்து பின்னாக நெருக்கமான மெல்லிய இணைக்கோடுகள் ஓடும். எண்கள் அந்தக் கோடுகளின் மேல் அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய எண்ணை அரைத்து அழித்துப் புதிதாக அடித்தால் கோடுகள் போய்விடும். வட்டமாகத் தேய்த்த தடமோ, குழிவோ, கண்ணாடி போன்ற வழவழப்போ மிஞ்சும். கோடுகளையும் பொய்யாகப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுபக்கம், எஞ்சின் ரீபில்ட் செய்தபோது பிளாக்கின் மேல்தளத்தைச் சீவியதால் உண்மையான எண்ணே அழிந்துபோன நல்ல கார்களும் உண்டு. எண் இல்லாத பிளாக் பொய் சொல்லவில்லை, அதனால் எதையும் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவுதான். விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். ‘சிஇ’ என்று தொடங்கும் எண் இருந்தால், வாரன்டியில் செவர்லேயே மாற்றிக் கொடுத்த பிளாக்.

பிளாக்கின் பின்புறம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், வார்ப்பு எண் இருக்கும். 302-க்கு 3956618 அல்லது 3932386. ஆனால் இதே வார்ப்புகள் 350 எஞ்சினுக்கும் போனவை. இரண்டுக்கும் போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 4 அங்குலம்தான். திருட்டு வேலைக்கு 1969-ஆம் ஆண்டு 350 பிளாக் தோதாக அமைவது அதனால்தான். வித்தியாசம் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில்: 302-க்கு 3 அங்குலம், 350-க்கு 3.48. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வளையக்கூடிய பிளாஸ்டிக் குச்சியை உள்ளே விட்டு, கிராங்கைக் கையால் சுற்றிப் பிஸ்டன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கலாம். பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அளவு துல்லியமாக வராது, ஆனால் அரை அங்குலம் கண்ணுக்குத் தப்பாது. இரும்புக் கம்பி மட்டும் விடாதே.

அதே விளிம்பின் பயணி பக்கத்தில் வார்ப்புத் தேதி: ‘சி 10 9’ என்றால் மார்ச் 10, 1969. இந்தத் தேதியை மற்ற இரண்டோடு கோத்துப் பார். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் பூட்டியது, பிறகு உடல். மார்ச் 10 வார்ப்பு, மார்ச் 18 எஞ்சின், ஏப்ரல் இரண்டாம் வாரம் உடல் என்றால் வரிசை இயல்பு. மே மாதம் வார்த்த பிளாக் ஏப்ரல் காருக்குள் போயிருக்க முடியாது. மூன்று நான்கு மாத இடைவெளி இருந்தால் அதற்குக் காரணம் கேள். கியர்பாக்ஸும் தேதி சொல்லும். ‘பி9சி’ என்று தொடங்கினால் மன்ஸி ஆலை, 1969, மார்ச். முடியும் எழுத்து கியர்பாக்ஸ் ரகத்தைச் சொல்லும்: ஏ என்றால் எம்20, பி என்றால் எம்21, சி என்றால் எம்22. அதிலும் காரின் விஐஎன் பகுதி அடித்திருக்கும், அது எஞ்சினில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஹெட்டில் 186 என்று முடியும் எண் இருக்கிறது, ஹோலி 4053 கார்புரேட்டர் இருக்கிறது, பின் ஆக்சிலில் 12 போல்ட் இருக்கிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டுவார். எல்லாம் சரியான பாகங்கள்தான். ஆனால் காசு கொடுத்தால் கிடைக்கிற பாகங்கள். அவை இருப்பது எதையும் நிரூபிக்காது. சில விஷயங்கள் இருக்கக் கூடாது என்பதுதான் உனக்கு உதவும்: 1969 இசட் 28-க்கு ஆலையில் ஏ.சி. கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. ஃபயர்வாலில் ஏ.சி. குழாய்க்கான ஓட்டையை அடைத்த வெல்டிங் தெரிந்தால் கதை முடிந்தது. பெட்ரோல் குழாயையும் அளந்து பார். 302-க்கு 3/8 அங்குலம், 307-க்கு 5/16.

காகிதங்களில் உயர்ந்தது புரொடெக்ட்-ஓ-பிளேட். வாரன்டி புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடு. விஐஎன், எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறியீடுகள் அதில் புடைத்து நிற்கும். அதில் உள்ள ஒவ்வொன்றும் நீ காரில் படித்ததோடு பொருந்த வேண்டும். அதையும் போலியாகச் செய்கிறார்கள். சில கார்களில் பெட்ரோல் டேங்கின் மேல் பில்ட் ஷீட் ஒட்டிக்கொண்டு கிடைக்கும். ஐம்பது வருடம் டேங்க் மேல் கிடந்த தாள் துரு, எண்ணெய், கிழிசல் எல்லாம் சேர்ந்து வரும்; சீராகப் பழுப்பேறிய, மூலை மடங்காத தாளைப் பார்த்தால் யாரோ டீத்தண்ணீரில் நனைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். 1970-களின் சர்வீஸ் பில்கள், பழைய உரிமையாளரின் புகைப்படங்கள் என் கணக்கில் இவற்றைவிட நம்பகமானவை, ஏனென்றால் அவற்றை யாரும் விற்பனைக்காக உருவாக்குவதில்லை.

உடலில் துரு பார்க்க உனக்குத் தெரியும்: கண்ணாடிச் சட்டத்தின் அடி, டிக்கி தரை, பின் சக்கர வளைவு, சப்ஃபிரேம் போல்ட் இடங்கள். ஒரு காந்தம் போதும். ஆரஞ்சு ஆலையில் அடித்ததுதானா என்று டேஷ்போர்டுக்கு அடியிலும் கதவின் உள் அட்டைக்குப் பின்னாலும் பார். அங்கே நீலம் தெரிந்தால் கௌல் டேக்கில் இருக்கும் 72 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும், விற்பவரோடு தொடர்பில்லாத, அவரை அறியாத ஒரு கமாரோ நிபுணரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போ. சில நூறு டாலர் ஆகும், கணக்குப் பார்க்காதே. ‘இந்த எஞ்சின் இந்தக் காரோடு ஆலையிலிருந்து வந்தது, இது ஆலையில் செய்த இசட் 28’ என்று விற்பனைப் பத்திரத்தில் விற்பவர் கையாலேயே எழுதி வாங்கு. ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், அது எவ்வளவு விலையைக் குறைக்கும் என்று அவரையே கேள். ஒஹையோவில் டைட்டிலில் (காரின் உரிமைப் பத்திரம்) விற்பவரின் கையெழுத்தை நோட்டரி முன் போட வேண்டும். டைட்டிலில் இருக்கும் பெயரும் உன் முன்னால் நிற்பவரின் பெயரும் ஒன்றுதானா, 13 இலக்கமும் ஒவ்வொன்றாகப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு. ‘நண்பருடைய கார், டைட்டில் அவர் பெயரில் இருக்கிறது’ என்றால் அந்த நண்பரே வரட்டும்.

சனிக்கிழமை போகும்போது எஞ்சின் மேடை, கௌல் டேக், மறைவான இரண்டு எண்கள், பிளாக்கின் பின்விளிம்பு இவற்றைப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் படமெடு. நேராக ஃபிளாஷ் அடித்தால் கோடுகள் மறைந்துவிடும். படங்களைச் சுருக்காமல் மின்னஞ்சலில் அனுப்பு. வாட்ஸப்பில் வந்தால் எனக்கு எதுவும் தெரியாது.

அன்புடன்,
அப்பா