பத்மினியின் கார்புரேட்டர் மேல் தப்பு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என்னிடம் 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது. 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டிய கியர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்க ஒற்றை சோலக்ஸ் கார்புரேட்டர். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து, "கார்புரேட்டர் இனி வேலைக்கு ஆகாது, எம்பிஎஃப்ஐக்கு (கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு) மாற்றிவிடுங்கள்" என்று பழைய கார் வைத்திருக்கிற பலருக்கும் யோசனை சொல்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பிப் பாதி தூரம் போய்த் திரும்பியவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கோடையில் திருச்சி ரோட்டில் போகும்போது வண்டிக்குள் பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டரைச் சுற்றி ஈரம். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தபோது கை நடுங்கிவிட்டது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். எம்பிஎஃப்ஐக்கு மாற்ற ஒரு பட்டியல் போட்டார்கள்: டேங்க்கை வெட்டி உள்ளே எலக்ட்ரிக் பம்ப், 3 பார் அழுத்தம் தாங்கும் புது லைன், மிச்ச பெட்ரோல் திரும்பி வர இன்னொரு லைன், சைலன்சர் குழாயில் துளை போட்டு ஆக்சிஜன் சென்சார், டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், டைனமோவால் அந்தக் கரண்ட் கொடுக்க முடியாது என்பதால் ஆல்டர்னேட்டர். ஒரு லட்சத்தை ஒட்டி வரும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள், அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் சொன்னேன். "கார்புரேட்டர் மேல தப்பு இல்லீங்க சார். ஹோஸை விரல்ல நசுக்கிப் பாருங்க" என்றார். நசுக்கினேன். ரப்பர் ஜவ்வு மிட்டாய் மாதிரி ஒட்டியது. பெட்ரோல் பம்ப்பைப் பிரித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம், விறைத்து வெடித்திருந்தது. பழைய ரப்பரை எத்தனால் அப்படித்தான் தின்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸும் புது டயாஃப்ரமும் போட்டோம்.

அப்புறம் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். வெள்ளை வெளேர் என்றிருந்தது. காற்றுக்குத் தக்க பெட்ரோல் போகவில்லை என்பதற்கு அது அடையாளம். 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதனால் எத்தனால் கலந்த பெட்ரோல், அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போக வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு, பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான். ஆக, எஞ்சினுக்கு வேண்டிய எரிபொருளில் 8 சதவீதம் போலக் குறைவாகப் போகிறது. அதுதான் பிக்கப் திணறலுக்கும் சூட்டுக்கும் காரணம். ஜெட்டில் இருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்காகச் சொல்வது. ஐந்து எண் பெரிய மெயின் ஜெட் போட்டார். பிளக் இப்போது இருக்க வேண்டிய காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துவிட்டது. மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டவில்லை.

இன்ஜெக்‌ஷன் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 1954லேயே மெர்சிடிஸ் 300 எஸ்எல் இன்ஜெக்‌ஷனோடுதான் வந்தது. அதில் கார்புரேட்டரை மாட்டினால் அதுவும் பாவம்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறும்போது காற்று மெலிந்துகொண்டே போகும். இன்ஜெக்‌ஷன் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். என் வண்டி குன்னூர் தாண்டியதும், மெலிந்த காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிப் போய்ப் புகை விடும். பெரிய ஜெட் போட்ட பிறகு அந்தப் புகை கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. மே மாத வெயிலில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி அடைத்து, அதாவது வேப்பர் லாக் ஆகி, நின்றால், ஈரத்துணியை பம்ப் மேல் போட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டியே ஆக வேண்டும் என்பவர் இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற வண்டிக்கு டேங்க்கை ஏன் வெட்ட வேண்டும்? இன்னொன்றும் இருக்கிறது. 2021ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடம் ஆன வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. என் பத்மினிக்கு 2028ல் 50 ஆகிறது. அப்படிப் பதிவு செய்தால் ராலி, கண்காட்சி போன்றவற்றுக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம் என்பதால் செய்வேனா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆனாலும் அந்த வழியை நானே அடைத்துவிடக்கூடாது அல்லவா?

மாற்றியே தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கழற்றிய கார்புரேட்டர், பம்ப், டைனமோ எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். டேங்க்கை வெட்டாமல் வேறு ஒன்று தேடி வாங்குங்கள். மாற்றாதவர்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் தேங்கி நிற்கும் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். உள்ளே உலோகம் அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

எண்ணெய் நிறுவனங்களும் ஒன்று செய்யலாம். எத்தனை சதவீதம் எத்தனால் என்பதை ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் வண்டிக்கு ஊற்றும் இடத்திலேயே தமிழில் பெரிதாக எழுதி வைக்கட்டும். எந்த ஜெட் போடுவது என்பதை அதைப் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோவை