பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்காக கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம் மக்களே. மவுண்ட் ரோடு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில இருக்கற பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் யார் யார் கையில இருந்துச்சுன்னு தேடறேன், தெரிஞ்சத சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன். இவ்ளோ பேர் வருவீங்கன்னு நினைக்கவே இல்ல.

பழைய போட்டோ குடுத்த அண்ணனுக்கு முதல் நன்றி. செக்கச்செவேல்னு செங்கல், கோபுரம், குவிமாடம், 1897-ல எவ்ளோ கம்பீரமா நின்னிருக்கு! ஊட்டியில மருந்துக்கடை வச்சிருந்த டபிள்யூ.ஈ. ஸ்மித் மெட்ராஸ் வந்து கட்டினது இது, கார்டில் பில்டிங்னு பேரு, டிசைன் ஜே.எச். ஸ்டீஃபன்ஸ்.

அடுத்தது எல்ஐசி-ல ரிட்டயர் ஆன பெரியவருக்கு. 1934-ல பாரத் இன்சூரன்ஸ் வாங்கினது வரைக்கும்தான் எனக்குத் தெரியும், அது லாகூர்ல லாலா ஹர்கிஷன் லால் ஆரம்பிச்ச கம்பெனி, அப்புறம் தொழிலதிபர் டால்மியா கைக்குப் போச்சு, அங்க நடந்த பண மோசடிய 1955-ல பெரோஸ் காந்தி பார்லிமெண்ட்ல போட்டு உடைச்சாரு, அடுத்த வருஷமே 245 கம்பெனிங்கள சேத்து எல்ஐசி ஆக்கிட்டாங்க, கட்டடமும் கூடவே போச்சுன்னு அவ்ளோ கோர்வையா சொன்னது அவர்தான்.

தாத்தாவோட பாரத் இன்சூரன்ஸ் பிரீமியம் ரசீத தகரப்பெட்டியிலேந்து எடுத்துக் காட்டின மாமிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. மடிச்ச இடமெல்லாம் இத்துப்போயிருக்கு, ஆனா ரெவின்யூ ஸ்டாம்ப் மேல குறுக்கால போட்ட கையெழுத்து இன்னும் பளிச்சுன்னு இருக்கு.

மொட்டைமாடி ஏறி பின்பக்கத்தப் பாக்க விட்ட பேட்டர்ஸ் ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கும் நன்றி. இடிஞ்ச பக்கம் செடி முளைச்சுக் கெடக்கறதப் பாத்து மனசு கஷ்டமாயிடுச்சு.

ஆனா அந்த அளவாவது மிச்சம் இருக்குன்னா, 2006-ல இடிக்க ஆரம்பிச்ச உடனே ஹைகோர்ட்டுக்கு ஓடி தடை வாங்கின இன்டாக் (பாரம்பரியக் கட்டடங்களக் காப்பாத்தற அமைப்பு) காரங்க, கேஸ் நடத்தின வக்கீலுங்க, 2010 தீர்ப்பு வர்ற வரைக்கும் விடாம எழுதிட்டே இருந்தவங்க, இவங்களாலதான். பத்திரத்துல இவங்க பேர் எங்கயும் கிடையாது, வாடகையும் வரப்போறதில்ல, இருந்தும் சொந்த வீடு மாதிரி நின்னு காப்பாத்தினாங்க. உங்களுக்கு இந்த ஊரே கடன்பட்டிருக்கு.

ஸ்மித் காலத்துல எடுத்த உள்பக்க போட்டோ யார் வீட்டு ஆல்பத்துலயாவது இருந்தா ஒரு காப்பி குடுங்க, அதுக்கும் இப்பவே நன்றி.