குழி வெட்டுமுன் ஒரு புவியியலாளர் நடந்து பார்க்க வேண்டும்: அரியலூரிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் மற்றும் கிராமப் பொதுமக்கள்,
அரியலூர் வட்டம், அரியலூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில்)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
புவியியல் மற்றும் சுரங்கத் துறை,
கிண்டி, சென்னை.

பொருள்: அரியலூர் மாவட்டம் – சுண்ணாம்புக்கல் சுரங்கப் பகுதிகளில் வெளிப்படும் தொல்லுயிர்ப் படிவங்கள் – வெட்டுமுன் துறைப் புவியியலாளர் களஆய்வு செய்யவும், கிடைக்கும் படிவங்களை ஒப்படைக்க வழிவகை செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆடு ஓட்டிப்போன இடத்திலிருந்து ஒரு கல்லைத் துண்டில் முடிந்து தூக்கிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுத் தட்டு அகலம். கிடாக் கொம்பு போலச் சுருண்டு, விளிம்பெல்லாம் வரிவரியாக இருந்தது. பாதிதான் இருந்தது. உடைந்த பக்கத்தில் அறை அறையாகத் தடுப்பு. ஒவ்வொரு அறையிலும் கற்கண்டு பூத்த மாதிரி வெள்ளைப் படிகம். “சார், பாம்பு சுருண்டு கல்லாயிடுச்சா?” என்று கேட்டான். பாம்பில்லை, அம்மோனைட், கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்றேன். எங்கே கிடைத்தது என்றதற்கு, குழி ஓரத்தில் ஜேசிபி தள்ளிவிட்ட மண்ணில் என்றான். மறுபாதியைத் தேடி அவனோடு நடந்தேன். அந்த மண் காலையிலேயே டிப்பரில் ஏறிப் போயிருந்தது.

இந்த மனுவுக்குக் காரணம் அந்த மறுபாதிதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சுரங்கத்தை மூடுங்கள், ஆலையை நிறுத்துங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குச் சோறு அந்தக் குழியிலிருந்துதான் வருகிறது. நான் குடியிருப்பதும் சிமெண்ட் வீடுதான். இங்கே வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லே அந்தக் காலத்துச் சிப்பியும் கிளிஞ்சலும் சேர்ந்து இறுகியதுதான் என்பதும் தெரியும். ஆகவே சிப்பி ஒன்றுகூட அரவைக்குப் போகக் கூடாது என்று பேசினால் அது பேச்சாகாது. வெட்டுகிறவர்களுக்கு எது சாதாரணம், எது அபூர்வம் என்று தெரியாது. தெரிந்த ஒருவர் வெட்டுமுன் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டால் போதும் என்கிறோம்.

தங்கள் துறைக்கு நாங்கள் புவியியல் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் இந்த மண் உலகத்துக்கு எப்படித் தெரியும் என்பதை ஊர்க்காரர்கள் வாயால் ஒருமுறை சொல்ல ஆசை. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பிளான்ஃபோர்ட் இந்தப் பக்கம் அளந்து எழுதிய அறிக்கை 1862இல் அச்சானது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று பாறைத் தொகுதிகளின் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. அதற்குப் பின் வந்தவர்கள் அவற்றையும் உட்பிரித்து எங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு. கல்லங்குறிச்சி என்றால் நமக்குக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில், சனிக்கிழமை கூட்டம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற புவியியல் மாணவருக்கோ அது உள்ளங்கை அகலச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கிற, சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய கடல்தரை. காரையில் செம்மண் ஓடைகளுக்குள் இறங்கினால் ஜிப்சம் தகடு வெயிலில் மின்னும். துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கூர்மையான பெலம்னைட், அதுவும் கணவாய்ச் சொந்தத்தின் படிவம்தான், காலில் இடறும். கொஞ்சம் பொறுமையிருந்தால் சுறாப் பல்கூடக் கிடைக்கும். கருடமங்கலத்துக் கிளிஞ்சல் கல்லை மெருகேற்றித் ‘திருச்சினாப்பள்ளி மார்பிள்’ என்று விற்ற காலமும் உண்டு. பள்ளியில் இருந்தபோது பிள்ளைகளிடம், ‘நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடம் கடல்’ என்றுதான் பாடத்தைத் தொடங்குவேன். கடைசி பெஞ்சு உடனே காலைத் தூக்கிக்கொள்ளும்.

கல்லமேட்டுக் கதை வேறு. கடல் பின்வாங்கிய பிறகு ஆறு கொண்டுவந்து போட்ட மணலும் களியும் அது. அங்கே டைனோசர் எலும்பு உண்டு என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த சங்கதி. 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் அங்கு கிடைத்த எலும்புகளுக்கு ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். காலெலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். உலகிலேயே பெரிய விலங்கு அதுதானா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. வாதத்தைத் தீர்க்க எலும்பு இல்லை. ஈரத்தில் நைந்து, ஆய்வகம் போய்ச் சேருமுன்பே உதிர்ந்துவிட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று எடுத்த எலும்புக்கே ஒரு மழைக்காலம் போதுமாக இருந்தது. டிப்பரில் ஏறுவதற்கு எத்தனை நிமிடம் வேண்டும்?

காப்பாற்ற நினைத்தால் முடியும் என்பதற்கும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை 1940இல் கண்டு சொன்னவர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர். அந்த மரம் தேசியப் புவியியல் சின்னமாகி, வேலி போட்டுப் பூங்காவாக நிற்கிறது. எங்கள் மாவட்டத்தில் வாரணவாசியில் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, சட்டமும் ஓரளவு இருக்கிறது. குழிக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவில் ஆள்தான் இல்லை.

அந்த நடுவில் நிற்கத் தகுந்தது தங்கள் துறையே என்று நினைக்கிறோம். ஆய்வு நிறுவனம் ஒன்றிய அரசுடையது. வரைபடம் போட வருவார்கள், போவார்கள். அருங்காட்சியகம் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கி வைக்கும். ஆட்சியர் அலுவலகத்தில் தங்கள் உதவி இயக்குநரும் புவியியலாளர்களும்தான் ஆண்டு முழுக்க இந்த மண்ணில் இருக்கிறார்கள். குழியின் எல்லைக்கல் எது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்கு இருக்கிற வேலையும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நடைச்சீட்டு சரிபார்ப்பது, குழி அளப்பது, உரிமத்தொகை வசூல், நடுராத்திரியில் கிராவல் வண்டி பிடிப்பது என்று அலைகிறவர்களிடம் போய் நத்தைக்கல் கதை பேச எனக்கே சற்றுக் கூச்சம்தான். ஆனால் துறையின் பெயரில் ‘புவியியல்’ முன்னால் வருகிறது, ‘சுரங்கம்’ பின்னால்தான் வருகிறது. அந்த வரிசையை நம்பித்தான் எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பது இதுதான். புதிதாகக் குத்தகை கொடுக்கும்போதும், இருக்கிற குழியில் புதுப்பகுதியைத் திறக்கும்போதும், மேல்மண் அள்ளுமுன் துறைப் புவியியலாளர் ஒருவர் அந்த நிலத்தை நடந்து பார்த்து ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுத வேண்டும். கூட ஊரில் ஆடு மாடு மேய்க்கிறவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டால் நல்லது. எந்த ஓடையில் எந்த மழைக்குப் பின் என்ன வெளிவரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அபூர்வமாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்தத் துண்டு நிலத்தை மட்டும் வரைபடத்தில் குறித்து, எடுத்து முடிக்கும்வரை சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்லலாம். சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம், அதன் சுரங்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது இந்தியச் சுரங்கப் பணியகம் என்று சொல்வார்கள். அது எங்களுக்கும் தெரியும். ஆனால் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மாநில அரசு. அதில் இதற்கென ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா என்று சட்டப் பிரிவிடம் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். பாறை, படிவம் என்று மண்ணின் பழங்கதை சொல்லும் புவிமரபு இடங்களைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக்கேட்புக்கு வெளியிட்டது. அது டில்லியில் நடக்கிறபடி நடக்கட்டும். இங்கே ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம் இது.

அடுத்தது, கிடைத்ததை எங்கே கொடுப்பது? மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. ஒரு செப்புக்காசு கிடைத்தாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 10 கோடி ஆண்டுப் படிவத்துக்கு அப்படி ஒரு வழி யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாதிக் கல்லை எடுத்துக்கொண்டு நானே இரண்டு அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் ‘இது எங்க சப்ஜெக்ட் இல்லீங்க’ என்றார்கள். இன்னோரிடத்தில் மரியாதையாக உட்கார வைத்து, டீ கொடுத்து, அதையே சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர்களுக்கும் எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை. மாவட்டத்தில் இன்னார் பொறுப்பு, இந்தத் தொலைபேசி எண் என்று ஒருவரைக் குறித்து, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதிப்போட வேண்டும். கல்லைக் கொடுத்தவருக்கு ஒரு ரசீது. வாரணவாசியில் அதைக் காட்சிக்கு வைத்தால் அட்டையில் கண்டெடுத்தவர் பெயரும் ஊர்ப் பெயரும் இருக்கட்டும். எங்கள் தெருப் பையனுக்கு நான் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டேன், அவசரப்பட்டு.

பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் இன்னொரு தொல்லையும் தீரும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. வேன் பிடித்துக் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். முட்டை இல்லை, கடல் வண்டல் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்குவதற்குள் முட்டைக் கதை ஊர் ஊராகப் போய்விட்டது. அன்றைக்கே அந்த இடத்தில் நின்று சொல்ல மாவட்டத்துக்குள் ஒருவர் இருக்க வேண்டாமா?

பழைய குழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெட்டி முடித்த குழியில் தண்ணீர் தேங்குகிறது, அல்லது மண் தள்ளி மூடுகிறார்கள். மூடுவது நல்லதுதான்; பிள்ளைகளும் ஆடுகளும் விழுகிற குழிகள் அவை. ஆனால் அந்தச் சுவர்களில்தான் அடுக்கடுக்காகக் கடலின் கதை எழுதியிருக்கிறது. சுத்தியலும் நோட்டுமாகக் கல்லூரி மாணவர்கள் தேடி வருவதும் அதற்குத்தான். மூடுவதற்கு முன் எந்தக் குழியில் எந்தச் சுவரை விட்டுவைக்கலாம் என்று துறை பார்த்துச் சொன்னால், பாதுகாப்பான சரிவும் வேலியும் வைத்து ஒன்றிரண்டையாவது வருங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செலவுக்கு, சுரங்கப் பகுதி மக்களுக்கென்று உள்ள மாவட்டக் கனிம அறக்கட்டளை இருக்கிறது. 2015 சட்டத்திருத்தப்படி பழைய குத்தகைதாரர்கள் உரிமத்தொகையில் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 விழுக்காடும் அதற்குக் கட்டுகிறார்கள். குடிநீர், மருத்துவம் போகத்தான் மற்றது என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. வேலிக்கும் பலகைக்கும் அதில் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக மாவட்ட ஆய்வறிக்கை. மணல், கிராவல் போன்ற சிறுகனிமங்களுக்காக ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜனவரி அறிவிக்கையின்படி தயாராகிற அந்த அறிக்கையை 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அடுத்த முறை அதில் படிவங்கள் கிடைக்கும் இடங்களின் பட்டியலையும் சேர்த்து, அந்தப் பகுதியையாவது தமிழில் வெளியிட வேண்டுகிறோம். பட்டியலுக்கு வேண்டிய இடங்களை நடந்து காட்ட நாங்கள் தயார். கூலி வேண்டாம், வெயில் ஏறுமுன் வந்தால் போதும்.

கல் கிடைத்த இடத்தின் புகைப்படங்களும் நான் கையால் வரைந்த வரைபடமும் இணைத்திருக்கிறேன். பாதிக் கல் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டியில் சுற்றி இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், பையனையும் கூட்டிக்கொண்டு மறுநாளே பஸ் ஏறி வந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிராமப் பொதுமக்கள் சார்பில் மனுதாரர்.

நகல்:
மாவட்ட ஆட்சித் தலைவர், அரியலூர்.
காப்பாட்சியர், அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம், வாரணவாசி.