கிரெடிட்ஸ் ஓடும்போது எழுந்து போகாதே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எப்போது பார்த்தாலும் கன்ட்ரோலரும் கையுமாக இருக்கிறாள் என்று மகளைப் பற்றி நீ வருத்தப்பட்டு எழுதிய காலம் போய், இப்போது அவள் கேம் டிசைன் படிப்பில் சேர்ந்ததற்குப் பூரித்து எழுதுகிறாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. வீடியோ கேம் உலகின் பெண்களைப் பற்றி அவள் வகுப்பில் பேச வேண்டுமாம், உனக்கு டூம்ப் ரைடர் கேமின் நாயகி லாரா கிராஃப்டைத் தவிர ஒரு பெயரும் தெரியவில்லையாம். அதனாலென்ன, நான் சொல்கிறேன். கடிதம் நீண்டுபோனால் திட்டாதே.

இங்கே எல்லாரும் நலம். என் மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது, ராத்திரியில் கொஞ்ச நேரம் விளையாட முடிகிறது. பையன் வேலை மாறிவிட்டான். அந்தக் கதையைப் போனில் சொல்கிறேன்.

முதலில் அவளிடம் கேரல் ஷாவைப் பற்றிச் சொல். 1978-இல் அடாரி என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனத்தில் சேர்ந்த புரோகிராமர். இவரைப் பற்றி எங்கே படித்தாலும் ‘ஆரம்பகாலப் பெண் புரோகிராமர்’ என்பதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ஒருவரைக் கொண்டாடுவதென்றால் அவர் செய்த வேலையைத் திறந்து காட்ட வேண்டும். ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 1982-இல் அவர் எழுதிய ரிவர் ரெய்டு என்ற கேமைப் பார். ஒரு ஜெட் விமானம் ஆற்றின் மேலே பறந்துகொண்டே போகிறது. கரைகள் குறுகுகின்றன, விரிகின்றன, நடுவில் தீவு வந்து ஆற்றை இரண்டாகப் பிரிக்கிறது. கேமைப் பதிந்து விற்ற கேட்ரிட்ஜ் என்ற செருகு பெட்டியில் இருந்த மொத்த இடமோ வெறும் 4 கிலோபைட். அவ்வளவு நீள ஆற்றை அதற்குள் சேமித்து வைக்கவே முடியாது. அதனால் அவர் ஆற்றைச் சேமிக்கவில்லை. ஓர் எண்ணை எடுத்து, அதன் பிட்டுகளை ஓரிடம் நகர்த்தி, அதிலிருந்து அடுத்த எண்ணைக் கணக்கிடும் சிறிய நிரல் ஒன்றை வைத்தார். அந்த எண்கள்தான் கரையின் வளைவையும், எங்கே கப்பல், எங்கே ஹெலிகாப்டர் என்பதையும் முடிவு செய்கின்றன. ஆரம்ப எண் எப்போதும் ஒன்றே என்பதால் யார் எப்போது விளையாடினாலும் அதே ஆறுதான் வரும். பழகப் பழக வளைவுகள் மனப்பாடமாகிவிடும்.

அதில் இன்னொரு நுட்பம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழியில் எரிபொருள் கிடங்குகள் வரும். மேலே பறந்தால் எரிபொருள் நிரம்பும், சுட்டுத் தள்ளினால் புள்ளி கிடைக்கும். மெதுவாகப் போனால் அதிகம் நிரப்பலாம். ஆசைக்கும் தேவைக்கும் நடுவே விளையாடுபவரை ஒவ்வொரு நொடியும் நிறுத்தி வைக்கிறார். பெரிய பெரிய கேம்களில்கூட இவ்வளவு சுத்தமான யோசனையை நான் அதிகம் பார்த்ததில்லை. 2017-இல் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் அவருக்கு இண்டஸ்ட்ரி ஐகான் விருது கொடுத்தார்கள். இவ்வளவு காலம் கழித்துத்தானா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்த இடத்தில் பெயர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்றைக்கு அடாரி தன் கேட்ரிட்ஜ்களில் கேமை உருவாக்கியவரின் பெயரைப் போடாது. அந்தக் கோபத்தில் வெளியேறிய சில புரோகிராமர்கள்தான் 1979-இல் ஆக்டிவிஷனை ஆரம்பித்தார்கள். அங்கே பெயர் போட்டார்கள். கேரல் ஷா என்ற பெயர் விளையாடியவர்களுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

ஜப்பானில் நிலைமை வேறு மாதிரி. ஆண், பெண் என்றில்லாமல் பலரும் புனைபெயரில்தான் கிரெடிட்ஸில், அதாவது கேம் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில், வந்தார்கள். சேகா நிறுவனத்தில் 1984-இல் சேர்ந்த ரியேகோ கோடாமா ‘ஃபீனிக்ஸ் ரீ’ என்ற பெயரில் வந்தார். 1987-இல் வெளியான ஃபான்டசி ஸ்டார் என்ற கேமில் அவர் வரைந்த உருவங்களைப் பார்க்கச் சொல். அதன் நாயகி அலிஸ் ஒரு பெண். அண்ணனைக் கொன்ற கொடுங்கோலனை எதிர்த்துப் புறப்படுகிறாள், உடன் வருபவர்களுக்கு அவள்தான் தலைவி. நாயகனாக ஓர் இளவரசனோ வீரனோ இருப்பது வழக்கமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு கதை! பிறகு 2000-இல் ஸ்கைஸ் ஆஃப் ஆர்காடியாவின் தயாரிப்பாளராகவும் இருந்தார். 2022 மே மாதம் அவர் இறந்துபோனார். வெளியுலகத்துக்கு அது உடனே தெரியவில்லை. அந்த அக்டோபரில் வெளியான மெகா டிரைவ் மினி 2 என்ற சேகா கேம் கருவியின் கிரெடிட்ஸில் அவருக்கு அஞ்சலி எழுதியிருந்ததை விளையாடியவர்கள் பார்த்துத்தான் செய்தி பரவியது. எத்தனையோ பேர் ஸ்கிப் பொத்தானை அழுத்திவிட்டுப் போகிற இடம் அது.

இசையிலும் அப்படித்தான். 1991-இல் வந்த சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் சண்டைக்காரி சுன்-லீயைப் பலருக்கும் தெரியும். அதன் சண்டைக் களங்களுக்கு இசையமைத்த யோகோ ஷிமொமுராவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மெட்டுகளை இன்றும் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் மேபல் அடிஸ் என்ற பள்ளி ஆசிரியை. நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் துணையோடு நடந்த ஒரு கல்வித் திட்டத்தில் 1964-இல் தி சுமேரியன் கேமை வடிவமைத்தவர். திரையில் படமெல்லாம் கிடையாது, எழுத்து அச்சாகி வரும். மாணவன் லகாஷ் நகரத்தின் அரசன். இருக்கிற தானியத்தில் எவ்வளவு மக்களுக்கு, எவ்வளவு விதைக்கு, எவ்வளவு சேமிப்புக்கு என்று அவன் முடிவெடுக்க வேண்டும். நகர நிர்வாகத்தை வைத்து வந்த எத்தனையோ கேம்களுக்கு இது முன்னோடி. இவர் போய்ச் சேர்ந்து பல வருடம் கழித்து, 2023-இல்தான் கேம் உருவாக்குபவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில் முன்னோடி விருது அறிவித்தார்கள்.

ராபர்ட்டா வில்லியம்ஸை அவளே தேடிப் படித்துக்கொள்வாள்: எழுத்து மட்டுமே இருந்த சாகச கேம்களுக்கு 1980-இல் மிஸ்டரி ஹவுஸ் மூலம் படம் சேர்த்தவர். சென்டிபீட் என்ற கேமை 1981-இல் எட் லாக்குடன் சேர்ந்து உருவாக்கிய டோனா பெய்லியும் அப்படியே. அந்த மிட்டாய் நிறங்களைப் பார்த்தாலே அது வேறு கை என்று தெரிந்துவிடும்.

ஆனால் டேனியல் பண்டன் பெரியை விட்டுவிடக் கூடாது. திருநங்கை. 1983-இல் எம்.யூ.எல்.இ. என்ற கேமை உருவாக்கினார், தன் பாலினத்தை அவர் வெளிப்படுத்தியது அதற்குப் பிறகு, தொண்ணூறுகளில். ஒரே திரையில் நான்கு பேர், புதிய கிரகம், வியாபாரம். ஏலக்காட்சிதான் அதன் உயிர். வாங்குபவர்கள் கீழிருந்து மேலே நகர்வார்கள், விற்பவர்கள் மேலிருந்து கீழே இறங்குவார்கள், இரண்டு பேரும் சந்திக்கும் இடம்தான் விலை. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கத்துவார்கள். கடைசி இடத்தில் இருப்பவருக்குக் கெட்ட நிகழ்வு எதுவும் வராது, முதலிடத்தில் இருப்பவருக்கு நல்லது வராது. தோற்பவர் மனம் விட்டுப்போகாமல் மேசையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கரிசனம் அதில் இருக்கிறது. 1998-இல் இறந்துவிட்டார். இன்றைக்கு ஆன்லைனில் கூடி விளையாடும் கோடிக்கணக்கானவர்களைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

கதாபாத்திரங்களுக்கு வருகிறேன். 1986-இல் வந்த மெட்ராய்டின் சாமஸ் ஆரனைத்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். கேம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பவர், சீக்கிரம் முடித்தால் கடைசியில் தலைக்கவசத்தைக் கழற்றிப் பெண் என்று காட்டுவார். அற்புதமான யோசனை. இன்னும் வேகமாக முடித்தால் உடை குறைந்துகொண்டே போகும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வீராங்கனையாக மதித்த கையாலேயே அவளைப் பரிசுப் பொருளாக்கிவிட்டார்கள். உன் மகள் சாமஸைப் புகழ்ந்தால் இதையும் சேர்த்தே சொல்லட்டும். லாரா கிராஃப்ட் 1996-இல் வந்தபோதும் இதே சிக்கல் இருந்தது. 2013-இல் ரியானா பிராட்செட் கதையெழுதிய டூம்ப் ரைடரில்தான் பயமும் காயமும் உள்ள ஒரு மனுஷியாக அவள் எனக்குத் தெரிந்தாள்.

எனக்கு மிக நெருக்கமானவள் செனுவா. 2017-இல் நிஞ்சா தியரி உருவாக்கிய ஹெல்பிளேடின் நாயகி. மனநோயால் காதில் குரல்கள் கேட்கும் பெண். இதற்காக கேம்பிரிட்ஜ் மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரையும், குரல்கள் கேட்கும் அனுபவம் உள்ளவர்களையும் கலந்து பேசியிருக்கிறார்கள். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு விளையாட வேண்டும். ஒரு குரல் இடது காதின் பின்னால் பரிகசிக்கும், இன்னொன்று வலது பக்கம் பயப்படும், சண்டையில் பின்னாலிருந்து ஒருவன் வரும்போது அந்தக் குரல்களில் ஒன்றே எச்சரிக்கும். துன்புறுத்தும் குரல்தான் காப்பாற்றவும் செய்கிறது! செனுவாவாக நடித்த மெலினா யூர்கன்ஸ் அந்த நிறுவனத்தின் வீடியோ எடிட்டர். கேமராவைச் சோதிக்க ஆள் வேண்டும் என்று நிற்கவைத்தார்கள், கடைசியில் பாத்திரமே அவருடையதானது. அதுவரை நடித்ததில்லை, 2018-இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார்.

மாணவியாக இருக்கிற உன் மகளுக்கு நான் தனியாகச் சொல்ல விரும்புவது கிம் ஸ்விஃப்டின் கதை. டிஜிபென் கல்லூரியில் அவரும் நண்பர்களும் படிப்பின் பகுதியாக நார்பாகுலர் டிராப் என்ற சின்ன கேமைச் செய்தார்கள். அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த யோசனைதான் 2007-இல் போர்ட்டலாக வளர்ந்தது. கையில் இருப்பது கொல்லும் துப்பாக்கி இல்லை, சுவரில் வாசல் திறக்கும் கருவி. நாயகி செல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். நாம் அவள் கண்ணால் பார்ப்பதால் அவள் முகமும் தெரியாது. இரண்டு வாசல்களைச் சரியான கோணத்தில் திறந்தால் மட்டும் அதன் வழியே அவளைப் பார்க்கலாம். எதிரே நின்று பேசிக்கொண்டே இருக்கும் கிளாடோஸ் இயந்திரத்துக்கும் பெண் குரல்தான், எலன் மெக்லெய்னுடையது. இரண்டு பெண்கள் மோதுகிற கதை என்பதே பலருக்கு உறைக்காத அளவுக்கு இயல்பாகச் செய்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் ஆயா கியோகோகுவையும் சேர்த்துக்கொள்ளச் சொல். 2020-இல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த உலகத்துக்கு அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸைக் கொடுத்த டைரக்டர். அது 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

அவள் பத்துப் பேரைப் பட்டியலிட வேண்டாம்டி. இரண்டு பேரை எடுத்துக்கொண்டு அவர்கள் வேலையை வகுப்பில் எல்லாரும் பார்க்கும்படி விளையாடிக் காட்டட்டும். முடிந்தால் ரிவர் ரெய்டையே காட்டட்டும், முதல் பாலம் வரைக்கும் போனால் போதும். அப்புறம் தான் முடிக்கும் ஒவ்வொரு கேமிலும் கிரெடிட்ஸைக் கடைசிவரை ஓடவிடச் சொல்.

அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாள், வகுப்பில் என்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுது. உன் கண் ஆபரேஷன் தேதி முடிவானதா? அதையும் மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி