பாட் மடல்களுக்குத் தனிக் குழு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டற்ற மென்பொருளில் பங்களிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் அந்தத் திட்டத்தின் மடலாடற்குழுவில் (ஒருவர் போடும் மின்னஞ்சல் எல்லா உறுப்பினருக்கும் போகும் குழு) சேர வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்லியிருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் சேர்ந்த மறுநாள் காலையில் இன்பாக்ஸ் என்ன கதியில் இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சுறுசுறுப்பான திட்டம் என்றால் வருவதில் பெரும்பகுதி மனிதர் எழுதியதாகவே இருக்காது; ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரல்கள் அனுப்புவதுதான். ஒருவர் நிரலில் செய்த மாற்றத்தைப் பதிந்தால், அதாவது கமிட் செய்தால், ஒரு மடல். அதைத் தானாகத் தொகுத்துச் சோதித்த பில்டு சர்வரிடமிருந்து ஒன்று. யாரோ ஒருவர் ஜிரா என்ற பிழைப் பதிவேட்டில் ஒரு பிழையின் முன்னுரிமையை மைனரிலிருந்து மேஜருக்கு மாற்றினால் ஒன்று. அடடா, கை தவறிவிட்டது என்று திருப்பி வைத்தால் இன்னொன்று. சார்பு நிரல்களைப் புதுப்பிக்கச் சொல்லும் டிபெண்டபாட் திறக்கும் புல் ரிக்வெஸ்டுக்கு (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பம்) ஒன்று, அதை மூடினால் அதற்கும் ஒன்று. இதற்கிடையில் ஓணத்துக்கு லீவு போட்டவரின் ‘அலுவலகத்தில் இல்லை’ பதில் வேறு.

மார்த்தாண்டம் பக்கத்து மாணவி ஒருத்தி, ஒரு திட்டத்தின் தமிழாக்கத்தில் ‘கொ’ வரும் இடங்களில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்பதைக் கவனித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு அழகாக எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். அந்த இரவு ஏதோ ஒரு சோதனை திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தது. ஒரே தலைப்பில் வரிசையாகத் தோல்வி மடல்கள், நடுவில் இவளுடையது. எவரும் பதில் போடவில்லை. “அண்ணா, நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா?” என்று என்னிடம் கேட்டாள். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாக் கூட்டத்தில், ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு நடுவே ‘குழந்தையைக் காணோம்’ என்று மைக்கில் சொன்னால் யார் காதில் விழும்? அவள் குழுவிலிருந்து விலகிவிட்டாள். அந்தப் பிழையும் அப்படியே இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், “ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்” என்பது. போடலாம், வழி இருக்கிறது. மடலாடற்குழு வழியாக வரும் மடல்களின் தலைப்பகுதியில் பெரும்பாலும் ‘லிஸ்ட்-ஐடி’ என்ற வரி இருக்கும். 2001ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 2919 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது. அதை வைத்துப் பிரித்தால் குழு மடல்கள் தனி ஃபோல்டருக்குப் போய்விடும். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் அனுப்பும் அறிவிப்பில் சிசி வரியைப் பாருங்கள்: உங்கள் பெயரைச் சொல்லி அழைத்திருந்தால் ‘மென்ஷன்’, நீங்கள் தொடங்கிய விஷயமானால் ‘ஆத்தர்’, மறுஆய்வு கேட்டிருந்தால் ‘ரிவ்யூ ரிக்வெஸ்டட்’ என்று தொடங்கும் முகவரி இருக்கும். ‘மென்ஷன்’ வந்ததை மட்டும் முன்னால் நிறுத்தினாலே பாதி நிம்மதி.

ஆனால் கல்லூரியில் இப்போதுதான் ‘கிட்’ என்ற நிரல் மாற்றப் பதிவுக் கருவியைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதைவிட முக்கியம், பதில் சொல்ல வேண்டிய மூத்தவர்களும் இதே வெள்ளத்தில்தான் நிற்கிறார்கள். மனிதர் மடலும் பாட் மடலும் ஒரே குழுவிலிருந்து வந்தால் லிஸ்ட்-ஐடியும் ஒன்றுதான். அந்த ஃபில்டரால் இரண்டையும் பிரிக்க முடியாது. பலர் தலைப்பைக்கூடப் பார்க்காமல் மொத்தமாக ‘படித்தாயிற்று’ என்று குறித்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே அனுப்பும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இது புதிதும் அல்ல. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் மென்பொருள் பொதிகளின் பதிவேற்ற அறிவிப்புகளுக்கென்றே ‘டெபியன்-டெவல்-சேஞ்சஸ்’ என்ற தனிக் குழு இருக்கிறது. பேச்சு நடப்பது ‘டெபியன்-டெவல்’ குழுவில். அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களில், நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குள் ஒரு சின்ன அமைப்புக் கோப்பு வைத்து, கமிட் எந்தக் குழுவுக்கு, இஷ்யூ (பிழைப் பதிவு) எந்தக் குழுவுக்கு, புல் ரிக்வெஸ்ட் எந்தக் குழுவுக்கு என்று எழுதிவிடலாம். சில வரி வேலை. பில்டு சர்வரும் ஒவ்வொரு தோல்விக்கும் கத்த வேண்டியதில்லை. நன்றாக இருந்தது முதல்முறை உடையும்போது ஒன்று, சரியாகும்போது ஒன்று, அவ்வளவு போதும். பாட்கள் அனுப்பும் மடலில் ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற வரியையும் சேர்த்தால், ஒழுங்காக எழுதப்பட்ட தானியங்கிப் பதில் நிரல்கள் அதற்குப் பதில் போடாமல் விலகும். ஆர்எஃப்சி 3834 இதை 2004லேயே சொல்லிவிட்டது.

பாட் என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் குழுக்களுக்கு, பிழை தேடும் சிஸ்பாட் அனுப்பும் பிழை அறிக்கைகளில் பலவற்றில், பிழையை மீண்டும் வரவழைக்கும் நிரலே கூட இருக்கும். சரிசெய்த பிறகு எந்தக் கமிட்டில் சரியானது என்று மடலிலேயே அதற்குப் பதில் எழுதலாம். அப்படி ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துச் செயல்பட வேண்டிய மடல் பொதுக் குழுவுக்கு வரட்டும். முன்னுரிமை மாறிய செய்தி எதற்கு?

பல மடல்களை ஒன்றாகத் தொகுத்து வரும் ‘டைஜஸ்ட்’ வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். படிக்க மட்டும் என்றால் சரி. அதிலிருந்து அப்படியே பதில் போட்டால் தலைப்பு டைஜஸ்டின் தொகுதி எண்ணாகப் போய், உரையாடலின் இழை அறுந்துவிடும். புதியவர்களுக்கு அதுவே முதல் திட்டு வாங்கித் தரும்.

அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வருவதானால், மாணவர்களுக்கு மட்டுமல்லாமல் திட்டங்களைப் பராமரிக்கும் நம் ஊர் ஆட்களுக்கும் இந்த அமைப்புகளைப் பற்றி அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அவர்களில் பலரும் உங்கள் வாசகர்கள்தாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.