தடை வீரரோடு நின்றுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பளுதூக்கும் வீரரோ வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) வீராங்கனையோ ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், எத்தனை ஆண்டுத் தடை என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. மருந்தைக் கையில் கொடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. பல ஆண்டுகளாக வலுதூக்கும் பயிற்சி அளித்துவரும் எனக்கு அந்தக் கேள்விதான் முதன்மையாகப் படுகிறது.

மெஃபென்டர்மின் ஊசியை எடுத்துக்கொள்வோம். முதுகுத்தண்டில் மயக்க மருந்து செலுத்தும்போது சரியும் ரத்த அழுத்தத்தை உயர்த்த மருத்துவர்கள் பயன்படுத்தும் இந்த ஊக்கியை (உடலைத் தூண்டிவிடும் மருந்தை), ஜிம்களில் எடை தூக்குவதற்கு முன் போட்டுக்கொள்ளும் பழக்கம் நுழைந்திருக்கிறது. மூச்சை அடக்கிப் பெரும் எடையைத் தூக்கும் நொடியில் ரத்த அழுத்தம் தானாகவே வெகுவாக ஏறும். அதன்மேல் இந்த ஊசியும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதை ஊக்கிகளில் கடுமையான பிரிவில் வைத்திருப்பதால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று வீரரே நிரூபிக்காவிட்டால் 4 ஆண்டுத் தடை.

2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் நம் வீரர்கள் பலர் சிக்கிய மெத்தில்ஹெக்சேனமின் என்ற ஊக்கி இப்போது கடுமை குறைந்த வேறு பிரிவில் இருக்கிறது. உள்நோக்கம் நிரூபிக்கப்படாவிட்டால் அதற்கு வழக்கமான தடை 2 ஆண்டுகள். பயிற்சிக்கு முன் கலந்து குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் டப்பாக்களில் ஜெரேனியம் சாறு என்ற பெயரிலும் அது ஒளிந்திருந்தது. ஊக்கிகளுக்குப் போட்டிக் காலத்தில் மட்டுமே தடை என்பதும், அக்காலம் போட்டிக்கு முந்தைய இரவு 11.59 மணிக்கே தொடங்கிவிடும் என்பதும், அதற்கு முன் உட்கொண்டதன் மிச்சம் சிறுநீரில் தென்பட்டாலும் விதிமீறலே என்பதும் மாவட்டப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவர்கள் நம்பியிருப்பது பயிற்சியாளரின் சொல்லைத்தான்.

அந்தப் பயிற்சியாளரைத் தொட விதிகளில் வழி இருக்கிறது. வீரருக்குத் தடை மருந்தைச் செலுத்தியவருக்குக் குறைந்தது 4 ஆண்டு முதல் வாழ்நாள் வரை தடை விதிக்கலாம். சிறுவயதினர் சிக்கினாலோ, ஒரே பயிற்சியாளரின் கீழ் ஒருவருக்கு மேற்பட்டோர் சிக்கினாலோ, புகார் வராமலே பயிற்சியாளரைத் தானாக விசாரிக்க வேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பு கட்டாயப்படுத்துகிறது. 2022இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் வீரர்களோடு, பயிற்சியாளர் உள்ளிட்ட அவர்களின் உதவிப் பணியாளர்களையும் கட்டுப்படுத்துகிறது.

ஆகவே தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, வீரரின் தடையை அறிவிக்கும்போதே அவருடைய பயிற்சியாளர் விசாரிக்கப்பட்டாரா, முடிவு என்ன என்பதையும் வெளியிட வேண்டும். மருத்துவர் சீட்டில்லாமல் மெஃபென்டர்மின் ஊசியை விற்கும் கடைகள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலுதூக்கும் பயிற்சியாளர் ஒருவர்,
திருச்சி.